காற்றலைக்குப் புதியவர்களுக்கு

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் ஒன்று உங்களுக்கே உங்களுக்கென்று கிடைத்திருக்கிறது. ஏ.எஸ்.ஓ.சி. தேர்வுக்காக ஓம் விதி, அயனி மண்டலம், கியூ கோடு எல்லாம் படித்துத் தேறியிருக்கிறீர்கள். அந்தப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தினமும் காலையில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுகிற மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்பதைப் பற்றி.

ஹாம் வானொலி என்றாலே கருவிகளைப் பற்றிய பொழுதுபோக்கு என்று வெளியில் நினைக்கிறார்கள். கருவி சீக்கிரம் பழகிவிடும். அதற்கப்புறம் ஒரு மனிதரை ஆயுள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார வைப்பது மறுமுனையிலிருந்து வரும் குரல்கள்தான். ரிக்கில், அதாவது அந்த ரேடியோ கருவியில், செலவழிக்கும் அக்கறையில் பாதியையாவது அந்தக் குரல்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. முதலில் கேளுங்கள்.

மைக்கைத் தொடும் முன் சில வாரம் கேட்டுக்கொண்டே இருங்கள். நம்முடைய நாற்பது மீட்டர் பேண்ட், அதாவது 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை, பகலில் ஒரு குணமும் இரவில் வேறு குணமும் கொண்டது. வெயில் இருக்கும் வரை அயனி மண்டலத்தின் டி அடுக்கு தூரத்துச் சிக்னல்களை உறிஞ்சிவிடும். நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் தெளிவாக வருவார்கள். இருட்டினால் அந்த அடுக்கு கலைந்துபோகும். வெளிநாட்டு நிலையங்கள் வந்து குவியும், பக்கத்து மாவட்டத்துக்காரர் காணாமல் போவார். ஊர்க்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நெட் காலையில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

கேட்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். கால்சைன், பெயர், ஊர் ஆகியவற்றோடு நிற்காமல், குரலையும் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்குக் காது கொஞ்சம் மந்தம், யார் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசுவார், யார் பால் கறக்கப் போகும் அவசரத்தில் ஏழரைக்குள் கிளம்பிவிடுவார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு முதல் முறை 'பிரேக்' சொல்லிப் பாருங்கள். உங்களை அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் அவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

2. இடைவெளி விடுங்கள்.

மைக்கின் பக்கவாட்டில் இருக்கும் பி.டி.டி. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை உங்கள் ரிசீவர் ஊமை. நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் சிரித்தாரா, 'போதும்' என்றாரா, அவசரமாகக் குறுக்கே வர முயன்றாரா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு இது புரியக் கொஞ்ச காலம் ஆகிறது. 'ம்', 'சரி', 'அப்படியா' எல்லாம் இங்கே நடுவில் வராது. முழுதாகப் பேசி, 'ஓவர்' சொல்லி, விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, சுருக்கமாகப் பேசுங்கள். ஒரு ஓவருக்கு ஒரு நிமிஷம், போனால் இரண்டு. மலை மேல் இருக்கும் வி.எச்.எஃப். ரிப்பீட்டர்களில் பலவற்றில் சுமார் மூன்று நிமிஷத்தில் தானாக வெட்டிவிடும் டைமர் உண்டு. எச்.எஃப்.பில் அந்த டைமர் நம் மனசாட்சிதான். இரண்டாவது, அடுத்தவர் 'ஓவர்' சொன்னதும் பாய்ந்து பொத்தானை அழுத்தாதீர்கள். மூன்று வரை மனதுக்குள் எண்ணுங்கள். அந்த மூன்று விநாடியில்தான் புதியவர் ஒருவர் நுழைய முடியும். சாலையில் விபத்தைப் பார்த்துவிட்டு உதவி கேட்கும் மொபைல் நிலையம் ஒன்று அந்தச் சந்தில்தான் தன் கால்சைனைச் சொல்ல முடியும். நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் இடைவெளியே இல்லாமல் மாறி மாறிப் பேசிக்கொண்டே போவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நடுவில் எத்தனை பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ரிக்கை அணைத்துவிட்டுப் போனார்கள் என்பதை அந்த இருவரும் கடைசிவரை அறியவே மாட்டார்கள். ஒரு கூட்டம் வெளியாட்களுக்குக் கதவடைப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை.

3. சின்ன விஷயங்களைப் பேசுங்கள்.

"இவங்க தினமும் மழை, மின்வெட்டு, முழங்கால் வலி, இதையேதான் பேசுறாங்க" என்று புதிதாக வருபவர்களில் பலர் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தியாவில் அமெச்சூர் வானொலிக்கான 1978ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். சாதாரண நாட்களில் நாம் பேசலாம் என்று அனுமதிக்கப்பட்டிருப்பவை இரண்டுதான்: ஒன்று, சோதனைகள் சம்பந்தமான தொழில்நுட்பச் செய்திகள்; மற்றொன்று, பொதுத் தந்தி, தொலைபேசிச் சேவையைத் தேடிப் போகிற அளவுக்கு முக்கியத்துவம் இல்லாத சொந்த விஷயங்கள். பன்னாட்டு விதிமுறைகளிலும் நெடுங்காலம் இதே கருத்து இருந்தது. தந்தித் துறையின் வருமானத்துக்குக் குந்தகம் வந்துவிடக் கூடாதென்று அரசுகள் போட்ட வேலி அது. ஆனால் அந்த வேலிக்குள் நமக்குக் கிடைத்த நிலம் எவ்வளவு நல்ல நிலம்! முக்கியமில்லாததைப் பேசுவதற்கென்றே சட்டம் ஓர் இடத்தை ஒதுக்கித் தந்திருக்கிறது.

ஒரு காலை நேரத்து நெட்டைச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்துக்காரர் கேட்கிறார்: "அண்ணாச்சி, போன வாரம் வச்ச கத்தரிக்கன்னு எப்படி இருக்கு?" தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: "ரெண்டு வாடிப்போச்சு ஓ.எம். மத்ததெல்லாம் நிமிந்துருச்சு. வீட்ல சாம்பல் தூவச் சொன்னாங்க, தூவியிருக்கேன். உங்க பொண்ணுக்குப் பல்வலி எப்படி? ஓவர்." அவ்வளவுதான் பேச்சு. இதில் ஒரு தகவலும் இல்லை என்பார்கள். எவ்வளவு இருக்கிறது! ஒருவர் போன வாரம் சொன்னதை இன்னொருவர் நினைவில் வைத்திருக்கிறார். சுமார் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு குழந்தையின் பல்வலி இங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் விசாரிக்கப்படுகிறது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

தினமும் கேட்கிற குரலில் சின்ன மாற்றமும் தெரியும். எங்கள் நெட்டில் எப்போதும் நீட்டிப் பேசும் ஒருவர் சில நாளாக கால்சைன் சொல்லி, "எல்லாருக்கும் வணக்கம், கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பதோடு முடித்துக்கொண்டார். சிக்னல் நன்றாகவே இருந்தது. குரல்தான் சரியில்லை. நெட் முடிந்ததும் ஒருவர் போன் போட்டுக் கேட்டபோது மகனோடு மனஸ்தாபம் என்று தெரிந்தது. அவர் அதைக் காற்றில் சொல்லியிருக்க மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் கத்தரிக்கன்றும் முழங்கால் வலியுமாகப் பல வருஷம் பேசிய பழக்கம் இல்லாமல் இருந்தால் அந்தக் குரல் மாறியிருப்பது யாருக்கும் உறைத்திருக்காது.

என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி: நேற்று ஒருவர் சொன்னதிலிருந்து இன்று ஒரு கேள்வி கேளுங்கள். நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது அதற்காகவும்தான்.

4. பட்டத்தை வாசலில் விட்டுவிடுங்கள்.

காற்றில் கலெக்டரும் இல்லை, கடைக்காரரும் இல்லை, கால்சைனும் பெயரும்தான். ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜே.ஒய்.1 என்ற கால்சைனில் பேசியவர். உலகம் முழுக்க சாதாரண ஹாம்களோடு 'ஹுசைன்' என்று சொல்லியே உரையாடினார். ராஜீவ் காந்தி வி.யு.2ஆர்.ஜி. விண்வெளிக்குப் போன கல்பனா சாவ்லாவும் லைசென்ஸ் வாங்கியவர்தான். அவருடைய கால்சைன் கே.டி.5இ.எஸ்.ஐ.

வயதில் மூத்தவரை வெறும் பெயரால் அழைக்க நமக்கு நா எழாது. அழைக்க வேண்டாம். பெயரோடு அண்ணாச்சி, சார், அம்மா என்று உங்கள் ஊர் வழக்கம் எதுவோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தியோகத்தைச் சேர்க்காதீர்கள். சாதியை எட்டியே பார்க்க விடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு பெண் குரல் கேட்டதும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவது, போன் நம்பர் கேட்பது, தெருப் பெயர் கேட்பது, வேறு அலைவரிசைக்கு வரச் சொல்வது, இதெல்லாம் நம்மிடம் நடந்திருக்கிறது. அதனாலேயே தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண் பிள்ளைகள் மைக்கைத் தொடாமல் இருக்கிறார்கள். மற்ற நிலையங்களுக்கு என்ன வரவேற்போ அதேதான் அவருக்கும்: கால்சைன், ரிப்போர்ட், "வாங்க, ஊரில் மழை உண்டா?"

5. ரிப்போர்ட்டை உண்மையாகக் கொடுங்கள்.

எல்லாருக்கும் 'ஃபைவ் நைன்' கொடுப்பது ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. ஐந்து என்பது பேச்சு முழுதும் புரிகிறது என்று பொருள், ஒன்பது என்பது சிக்னல் மிக வலுவாக வருகிறது என்று. ஃபைவ் நைன் கொடுத்த அடுத்த நொடியே "பெயரைத் திரும்பச் சொல்லுங்க" என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஒருவருடைய ஆடியோவில் மின்சார இரைச்சல் இருந்தால், மைக் கெயின் ஏறிக் குரல் சிதறினால், பக்கத்து அலைவரிசைக்குப் பரவினால், அவருக்கு அது தெரிய வழியில்லை. தன் குரலைத் தானே கேட்க முடியாது. இங்கிதமாக, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். உங்களுக்கு யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு கெயினைக் குறைத்து இன்னொரு முறை கேளுங்கள். எனக்கு நண்பர்களாக நிலைத்தவர்களில் அநேகம் பேர் முதல் பேச்சிலேயே என் ஆடியோவில் குறை சொன்னவர்கள்.

6. மெலிந்த குரலுக்கு முதலிடம்.

இரண்டாவது மாடி பால்கனியில் ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு, ஐந்து வாட்டில் கூப்பிடும் கல்லூரி மாணவரும் நெட்டில் இருப்பார். தோட்டத்தில் உயரமான கோபுரமும் 400 வாட்டும் வைத்திருப்பவரும் இருப்பார். பெரிய சிக்னல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடும். மெலிந்ததற்கு ஒரு வாய்ப்புத்தான். இரைச்சலுக்குள் கால்சைனின் பின்பாதி மட்டும் கேட்டால், "கடைசியில் பிராவோ என்று முடியும் நிலையம் மட்டும் திரும்பக் கூப்பிடட்டும், மற்றவர்கள் பொறுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லாரும் அமைதியாக இருந்து ஒரு புதியவரின் பெயரை எழுத்து எழுத்தாக வாங்குகிற அந்த அரை நிமிஷத்தை அவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

7. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேசுகிறவர்கள் நாலு பேர் என்றால் பேசாமல் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. சாதாரண ஷார்ட்வேவ் ரிசீவர் இருந்தால் போதும். ரகசியக் குறியீட்டில் பேச நமக்கு அனுமதியும் இல்லை. ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு எத்தனை நாள் வெளியூர் போகிறீர்கள், நகை எந்த பேங்கில், யாருக்கு என்ன நோய் என்று பேசாதீர்கள். முக்கியமாக, ஒருவர் உங்களிடம் போனில் நம்பிச் சொன்னதைக் காற்றில் விசாரிக்காதீர்கள். "அண்ணனுக்குப் பயாப்ஸி ரிசல்ட் வந்துருச்சா?" என்று பாசத்தோடுதான் கேட்கிறோம். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தீர்மானிக்கும் முன் ஊர் கேட்டுவிடுகிறது.

அரசியல், மதம், வியாபாரம் மூன்றையும் தள்ளிவைக்கும் வழக்கம் நம் மூத்தவர்கள் ஏற்படுத்தியது. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

8. வம்புக்கு வாய் கொடுக்காதீர்கள்.

சில நாட்களில் எவனோ ஒருவன் கேரியர் போட்டு இடைஞ்சல் செய்வான், விசில் அடிப்பான். அவனுக்குப் பதில் சொல்லாதீர்கள், அவனைப் பற்றிப் பேசவும் செய்யாதீர்கள். அவனுக்குச் சம்பளமே நம்முடைய எரிச்சல்தான். நம் ஆட்களுக்குள்ளேயே மனக்கசப்பு வந்தால் அது வேறு. எழுத்தில்லை, முகமில்லை, குரல் மட்டும். களைப்பில் சொன்ன ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டுவிடும். "நெட் முடிஞ்சு கூப்பிடுறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். அன்றைக்கே கூப்பிடுங்கள். மறுநாள் காலை நெட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டால் மற்றவர்களும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள்.

9. வராதவரை விசாரியுங்கள்.

நெட்டை நடத்தும் நெட் கண்ட்ரோல் வருகைக் குறிப்பு எழுதுவது எண்ணிக்கைக்காக இல்லை. தினமும் வருகிற ஒருவர் மூன்று நாளாக வரவில்லை என்றால் யாராவது ஒருவர் போன் போட வேண்டும். 'யாராவது போட்டிருப்பார்கள்' என்று விட்டால் யாருமே போட்டிருக்க மாட்டார்கள். தென்காசிப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு பெரியவரை இப்படி ஒரு வாரம் காணவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு இளைஞர்கள் பைக்கில் போய்ப் பார்த்தார்கள். மனிதர் திடமாகத்தான் இருந்தார். குரங்குகள் அவருடைய டைபோல் கம்பியை அறுத்துப் போட்டிருந்தன. போன் வேறு ரிப்பேர். தென்னை மரத்தில் ஏறி வயரைக் கட்ட அந்த வயதில் அவரால் முடியவில்லை, யாரையும் கேட்கவும் மனம் வரவில்லை. பிள்ளைகள் கோஆக்ஸைச் சரிபார்த்து, பிளக்கை மறுபடி சால்டர் செய்து, கம்பியைக் கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கூழும் கருவாடுமாகச் சாப்பாடு போட்டாராம். மறுநாள் அவர் குரல் வந்தபோது நெட்டில் ஒரே ஆரவாரம்.

10. நேரில் போங்கள்.

ஒரு ஊருக்குப் போனால் அங்கே இருக்கும் நிலையத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். க்யூ.எஸ்.எல். கார்டைத் தபாலில் அனுப்பாமல் கையில் கொடுக்கலாம். அந்த வீட்டு அம்மாவுக்கும் வணக்கம் சொல்லுங்கள். பல வருஷமாகக் காலை காபி ஆறிப்போனதை அவர் பொறுத்துக்கொண்டதால்தான் அந்தக் குரல் உங்களுக்குக் கிடைத்தது. அமெரிக்க ஹாம் பால் சீகல் 1928இல் எழுதிய அமெச்சூர் நெறிகளில் ஒன்று, வீட்டுக்கும் வேலைக்கும் படிப்புக்கும் செய்ய வேண்டிய கடமையில் வானொலி குறுக்கிடக் கூடாது என்பது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் குரல் நள்ளிரவில் பேண்டில் கேட்டால், மூத்தவர்களே, "போய்ப் படு தம்பி" என்று சொல்லி 73 கொடுத்து அனுப்புங்கள்.

11. ஒருவர் மறைந்தால்.

இறந்த ஹாமை சைலன்ட் கீ என்போம். நெட்டில் ஒரு நிமிஷம் அமைதி காப்பது வழக்கம். அது போதாது. அந்த வீட்டில் ஓர் அறை முழுக்க என்னவென்றே தெரியாத பெட்டிகள் இருக்கும், மொட்டை மாடியில் இறக்கத் தெரியாத கம்பம் இருக்கும். காரியம் முடிந்து சில வாரம் கழித்து இரண்டு பேர் போய், எது என்ன விலை பெறும் என்று பட்டியல் எழுதிக்கொடுங்கள். கம்பத்தைப் பத்திரமாக இறக்கிக்கொடுங்கள். துக்க வீட்டில் ரிக்கை விலை கேட்காதீர்கள்.

12. ஆபத்து நாளில்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து பல வருஷமாக ஹாம் குரலே வராததால் உலகெங்கும் உள்ளவர்கள் அவருடைய வி.யு.4ஆர்.பி.ஐ. நிலையத்தோடு ஒரு வார்த்தை பேசத் தவமிருந்தார்கள். 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்து கடல் உள்ளே வந்தது. தொலைபேசி போய்விட்டது. வேடிக்கைக்காகக் கொண்டுபோன அதே ரிக்கில் அந்தக் குழு தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பியது. இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் அவருடைய நண்பர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு ஷார்ட்வேவில் இணைத்தார்கள். புதிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எந்தக் குரல் யாருடையது, யார் எங்கே இருக்கிறார், எந்த நேரத்தில் எந்த பேண்ட் திறக்கும் என்று தினசரிப் பேச்சில் பழகிய ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

அப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால் முதலில் பேசாதீர்கள். நெட் கண்ட்ரோல் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். மற்றவர்களுக்குக் கேட்காத ஒரு மெலிந்த நிலையம் உங்களுக்கு மட்டும் கேட்டால், இடைவெளியில் 'ரிலே' என்று சொல்லி உங்கள் கால்சைனைக் கொடுங்கள். யார், எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும், எத்தனை மணிக்குச் சொன்னார்கள், இந்த ஐந்தையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு, எழுதியதை மட்டும் வாசியுங்கள். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். எதிர்முனையில் எழுதிக்கொண்டவர் அதை உங்களுக்குத் திரும்ப வாசித்துக் காட்டும் வரை அலைவரிசையை விட்டு நகராதீர்கள்.